பாடசாலைத் துப்பாக்கிச் சூடுகள்: யாருக்கும் தெரியாமல் நடந்தவையா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கோ ஒரு பாடசாலையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் நமது வாட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு கருத்துகள் உடனே வந்துவிடும். "சுட்டவன் பைத்தியக்காரன், திடீரென்று செய்துவிட்டான்" என்பது ஒன்று. "அது அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்பது மற்றது. முதலாவது கருத்து வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது பாதிதான் உண்மை. ஏன் என்று சில சம்பவங்களை வைத்துப் பார்ப்போம். கொலையாளிகளின் பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பெயரைப் பார்த்துத் தானும் அப்படிப் பேசப்பட வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் பலர்.

*டன்பிளேன், 1996*

ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்றொரு சிறிய நகரம். 1996 மார்ச் 13ஆம் திகதி காலை, 43 வயது மனிதன் ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளோடு அங்குள்ள ஆரம்பப் பாடசாலைக்குள் நுழைந்தான். உடற்பயிற்சி மண்டபத்தில் நின்றிருந்தவர்கள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். 16 பிள்ளைகளும் அவர்களது ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பிற்காலத்தில் டெனிஸ் வீரராகப் புகழ்பெற்ற அன்டி மரே அன்று அதே பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன்.

அவன் யாருக்கும் தெரியாத ஆளா? இல்லை. 1974இலேயே சாரணர் இயக்கம் அவனைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தது. அவன் நடத்திய சிறுவர் கழகங்கள் பற்றிப் பெற்றோர்கள் பல வருடங்களாக முறைப்பாடு செய்துவந்தார்கள். 1991இல் ஒரு பொலிஸ் அதிகாரி, இவனுடைய துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தை மீளப்பெறுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்தார். மேலிடம் அதைச் செய்யவில்லை. நான்கு துப்பாக்கிகளும் சட்டப்படி வைத்திருந்தவைதான்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். பிள்ளைகளை இழந்த பெற்றோரும் ஊர் மக்களும் தனியாரிடம் கைத்துப்பாக்கி இருக்கவே கூடாது என்று கேட்டு எழுந்தார்கள். அந்த மார்ச் குளிரில் பூத்திருந்த ஸ்னோட்ரொப் என்ற சிறு வெள்ளைப் பூவின் பெயரில் ஒரு மனு சுற்றியது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1997இல் முதலில் ஜோன் மேஜரின் அரசாங்கமும், பிறகு டோனி பிளேயரின் அரசாங்கமும் கொண்டுவந்த இரண்டு சட்டங்களால் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து எங்கும் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் நஷ்டஈட்டோடு ஒப்படைக்கப்பட்டன.

அதற்குப் பிறகு பிரித்தானியப் பாடசாலை எதிலும் இப்படியொரு துப்பாக்கிப் படுகொலை நடக்கவில்லை. வன்முறை மறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2010இல் கம்பிரியாவிலும் 2021இல் பிளிமத்திலும் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கிகளால் வீதியில் சென்ற மக்கள் கொல்லப்பட்டார்கள். பிளிமத்தில் ஒருமுறை பறிமுதல் செய்த துப்பாக்கியைப் பொலிஸார் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஆக, சட்டம் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள் விழித்திருக்க வேண்டும்.

*கொலம்பைன், 1999*

மூன்று வருடம் கழித்து, 1999 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பாடசாலை. அங்கு படித்த 18, 17 வயது மாணவர்கள் இருவர் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் அவர்கள் வைத்த பெரிய குண்டுகள் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் நூற்றுக்கணக்கானோர் போயிருப்பார்கள். பல மாதங்களாகத் திட்டமிட்ட வேலை அது.

அந்தப் பல மாதங்களில் என்ன நடந்தது? இருவரில் ஒருவனுடைய இணையப் பக்கத்தில் கொலை மிரட்டல் இருப்பதை ஒரு சக மாணவனின் குடும்பம் முந்தைய வருடமே பொலிஸுக்கு அறிவித்தது. வீட்டைச் சோதனையிட அனுமதி கேட்கும் பத்திரம் தயாரானது. நீதிபதியிடம் அது போகவே இல்லை. மற்றவன் வகுப்பில் எழுதிய கொலைக் கதை ஒன்றைப் படித்துப் பயந்துபோன ஆசிரியை பெற்றோரோடு பேசினார். "வெறும் கதைதானே" என்று விட்டுவிட்டார்கள். மூன்று துப்பாக்கிகளை 18 வயதான ஒரு சிநேகிதி துப்பாக்கிச் சந்தையில் வாங்கிக் கொடுத்தாள். தனியார் விற்பனை என்பதால் யாரும் பின்னணி விசாரிக்கவில்லை. நான்காவது சட்டவிரோதமாகக் கிடைத்தது.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எவருமில்லை.

*ஆய்வு சொன்னது*

கொலம்பைனுக்குப் பிறகு அமெரிக்க இரகசியச் சேவையும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்தன. தாக்கியவர்கள் 41 பேர். 2002இல் வெளிவந்த அந்த அறிக்கையின் முக்கிய முடிவுகள் இவை:

• 81 சதவீதமான சம்பவங்களில், என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர் பெரும்பாலும் ஒரு நண்பன், வகுப்புத் தோழன் அல்லது சகோதரன்.
• 93 சதவீதமானோர் முன்னரே யாரையாவது கவலைப்பட வைக்கும் விதத்தில் நடந்திருந்தார்கள்.
• 71 சதவீதமானோர் தம்மைப் பிறர் துன்புறுத்துவதாக, கேலி செய்வதாக உணர்ந்திருந்தார்கள்.
• 78 சதவீதமானோர் தற்கொலை பற்றி நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள்.
• 68 சதவீதமானோருக்குத் துப்பாக்கி கிடைத்தது சொந்த வீட்டிலிருந்து அல்லது உறவினர் வீட்டிலிருந்து.

"இப்படிப்பட்ட பிள்ளைதான் சுடுவான்" என்று அடையாளம் காட்ட ஒரு பொதுவான தோற்றம் இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. நல்ல புள்ளி எடுப்பவனும் இருந்தான், தவறுபவனும் இருந்தான். நண்பர் கூட்டம் உள்ளவனும் இருந்தான், இல்லாதவனும் இருந்தான். மனநல மதிப்பீடு ஏதாவது செய்யப்பட்டிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஆகவே "பைத்தியக்காரன்" என்ற சொல் எதையும் விளக்கவில்லை. கேலிக்கு ஆளான பிள்ளைகள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகமிகச் சிலரே கொலை செய்கிறார்கள். மனதில் வளர்த்த வன்மம், கைக்கெட்டிய துப்பாக்கி, காதில் விழுந்தும் யாரும் கொண்டுபோய்ச் சொல்லாத எச்சரிக்கை. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரும்போதுதான் அனர்த்தம் நடக்கிறது.

*வீட்டு அலுமாரி*

ஜேர்மனியின் வின்னென்டென் நகரில் 2009 மார்ச் 11ஆம் திகதி 15 பேரைக் கொன்ற 17 வயதுப் பையன், தந்தையின் துப்பாக்கியைப் பெற்றோரின் படுக்கையறையிலிருந்து எடுத்தான். வீட்டில் மற்றத் துப்பாக்கிகளெல்லாம் பூட்டுக்குள் இருந்தன. பூட்டாத ஒன்றே போதுமாக இருந்தது. தந்தை நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வீடு தேடி வந்து பார்க்க அங்கே சட்டம் வந்தது.

2008 செப்டெம்பரில் பின்லாந்தின் கௌஹாயொகியில் இன்னும் மோசம். தொழிற்கல்லூரி மாணவன் ஒருவன் துப்பாக்கியால் சுடும் காணொளிகளை இணையத்தில் போட்டான். பொலிஸார் அவனை அழைத்து விசாரித்தார்கள். துப்பாக்கியை அவனிடமே விட்டுவிட்டார்கள். மறுநாள் அவன் பத்துப் பேரைக் கொன்றான்.

2023 மே 3ஆம் திகதி சேர்பியாவின் பெல்கிரேட் நகரில் சுட்டவனுக்கு வயது 13. நமது கணக்கில் தரம் எட்டுப் பிள்ளை. துப்பாக்கிகள் தந்தையுடையவை. சுடப் பழக அவனைப் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவரும் தந்தைதான். ஒன்பது மாணவர்களும் ஒரு காவலாளியும் உயிரிழந்தார்கள்.

*ஒரு காலை நேரக் கூட்டம்*

ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத சம்பவம் 2021 நவம்பர் 30இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒக்ஸ்போர்ட் உயர்நிலைப் பாடசாலையில் நடந்தது. 15 வயது மாணவன் ஒருவன் கணிதத் தாளில் துப்பாக்கியையும் இரத்தம் வடியும் மனிதனையும் வரைந்து, எண்ணங்களை நிறுத்த முடியவில்லை, உதவுங்கள் என்ற கருத்தில் எழுதியும் இருந்தான். ஆசிரியை பார்த்தார். தன் கடமையைச் செய்தார். உடனே அறிவித்தார். பெற்றோர் பாடசாலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு விடயம் தெரியும். நான்கு நாட்களுக்கு முன்னர்தான் தந்தை மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அதைப் பெற்றோர் சொல்லவில்லை. பாடசாலை தரப்பினர் புத்தகப் பையைத் திறந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. அவன் வகுப்புக்கே திரும்பினான். சுமார் இரண்டு மணித்தியாலத்தில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி அந்தப் பைக்குள்தான் இருந்தது. 2024இல் தாயும் தந்தையும் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது.

*வாசலில் காவல் போதுமா?*

கொலம்பைனில் அன்று ஆயுதம் தாங்கிய பொலிஸ் உத்தியோகத்தர் கடமையில் இருந்தார், சுடவும் செய்தார். 2022 மே 24இல் டெக்சஸ் மாநிலத்தின் உவால்டே ஆரம்பப் பாடசாலைக்கு 376 அதிகாரிகள் வந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் எடுத்தார்கள். 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் பலியானார்கள். சுட்டவன் 18 வயது நிறைந்து சில நாட்களுக்குள் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி அது. பூட்டும் காவலும் வேண்டாம் என்றில்லை. துப்பாக்கி வாசலுக்கு வந்த பிறகு செய்ய முடிவது குறைவு.

வருமுன் காத்த கதைகளும் உண்டு. அவை தலைப்புச் செய்தியாவதில்லை. கொலராடோவில் கொலம்பைன் விசாரணையின் பின், மாணவர்கள் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க 2004 முதல் ஒரு தொலைபேசி இலக்கம் இயங்குகிறது. அங்கு வரும் அழைப்புகளில் பெரும் பங்கு தற்கொலை எண்ணம், போதைப்பொருள், பகிடிவதை பற்றியவை. அதே இரகசியச் சேவை 2021இல், நடக்காமல் தடுக்கப்பட்ட 67 சதித்திட்டங்களை ஆராய்ந்தது. பெரும்பாலும் காப்பாற்றியது கமெராவோ காவலாளியோ அல்ல. விடயத்தைக் கேள்விப்பட்டு ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்ன சக மாணவர்கள்தான்.

*நமக்கென்ன?*

நமது வீடுகளில் துவக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வயற்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் ஒரு சிலரைத் தவிர. அது பெரும் பாக்கியம். ஆனால் வரலாறு சொன்ன மூன்றில் துப்பாக்கி ஒன்றுதான் நம்மிடம் இல்லை. மற்ற இரண்டும் நமது வகுப்பறைகளிலும் இருக்கின்றன. பட்டப்பெயர் சூட்டி ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் அழவைப்பது இருக்கிறது. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் பகிடிவதை இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில் உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முதல் நாள் ஒரு நண்பனிடம் ஏதோ சொல்லியிருப்பார்கள்?

2019 ஏப்ரலுக்குப் பிறகு பாடசாலை வாசலில் நாமே முறைவைத்து நின்று பைகளைச் சோதித்தோம். பைக்குள் பார்த்த அளவு பிள்ளையின் முகத்தைப் பார்த்தோமா?

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிள்ளை வந்து, "சேர், இவன் இப்படிச் சொல்கிறான்" என்றால், "கோள் சொல்லாதே, போய் இரு" என்று அனுப்பிவிடுவோம். கோள் பாவம்தான். இருவரைப் பிரிப்பதற்காகப் பேசுவது கோள். ஒருவன் தன்னையோ பிறரையோ அழித்துக்கொள்ளாமல் தடுப்பதற்காகப் பேசுவது அமானிதத்தை நிறைவேற்றுவது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு நாம் படித்துக் கொடுக்கவில்லை. அதனால்தான் தெரிந்த பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

நம்மால் செய்யக்கூடியவை சில:

1. சாகப்போகிறேன், கொல்லப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், எழுதினால், வரைந்தால் பகிடி என்று விடாமல் அன்றே கேட்போம். ஏசுவதற்காக அல்ல; என்ன நடந்தது என்று அறிவதற்காக.
2. தகவல் தந்த பிள்ளையின் பெயரை வெளியே விடாதிருப்போம். ஒருமுறை விட்டால் அடுத்த பிள்ளை வரமாட்டான்.
3. அதிபர், வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் தமக்குத் தெரிந்த துண்டுகளை ஒரே மேசையில் வைப்போம். "குடும்ப மானம்" என்று மறைத்தால் ஒக்ஸ்போர்ட் அறையில் நடந்ததுதான் நடக்கும்.
4. வீட்டில் துவக்கு, கிருமிநாசினி, மருந்து எதுவானாலும் பூட்டி வைப்போம். சாவி பிள்ளைக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும்.
5. பாடசாலையிலிருந்து விலக்குவதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதிருப்போம். வின்னென்டென் பையன் அந்தப் பாடசாலையின் பழைய மாணவன்.
6. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைப்போம்.

உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் வகுப்பில் யாருடனும் சேராமல் இருக்கும் பிள்ளை யார்?" பதில் வந்தால் நாளைக் காலை வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். நாம் கோள் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.

வல்ல அல்லாஹ் எல்லாருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.