சௌக்கையிலிருந்து அஞ்சல் குறியீட்டுக்கு: தென் திருவிதாங்கூர் எல்லையில் சைக்கிள் விலையின் வரலாறு

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பூவாற்றுக் கடற்கரைக்கு அணித்தாக அமைந்த காஞ்சிரங்குளத்தில் வசிக்கும் ஒருவர் தம் மகனுக்குச் சைக்கிள் ஒன்று வாங்க எண்ணுவாராயின், நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவுக்குப் போகலாம். அமரவிளைப் பாலத்தையும் பாறசாலையையும் கடந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்குப் போகலாம். இரண்டு பிரயாணமும் வேண்டாமென்றால் கையிலுள்ள கைபேசியைத் திறக்கலாம். முதலிரண்டு இடங்களிலும் அவர் கடைக்காரரிடம் விலை கேட்கிறார். மூன்றாவது இடத்திலோ, விலை முழுவதும் தெளிவாவதற்கு முன்னால், கடைதான் அவரைக் கேட்கிறது: உமது அஞ்சல் குறியீடு என்ன?

ஒரே பண்டத்துக்கு ஊருக்கொரு விலையும் நாட்டுக்கொரு விலையும் வைப்பது இணைய வணிகத்தோடு பிறந்த தீமை என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் இந்த எல்லைப் பிரதேசத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், வாங்குபவன் நிற்கும் இடத்தைக் கொண்டு விலையை நிர்ணயிக்கும் வழக்கம் இங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது என்பது விளங்கும். புதிதாக நேர்ந்திருப்பது வேறொன்று: முன்பு நிலத்தில் கல்லும் கழியுமாக நாட்டப்பட்டிருந்த எல்லை, இப்போது வாங்குபவனுடைய தேகத்தோடு ஒட்டிக்கொண்டு அவன் போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது. இந்த மாற்றம் எப்படிப் படிப்படியாக நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காஞ்சிரங்குளம் எல்லைக் கிராமம் அன்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் உள்நாட்டு ஊர். சமஸ்தானத்தின் கீழை எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. அங்கும் மற்ற வழிகளிலும் சர்க்கார் வைத்திருந்த சௌக்கைகள், உள்ளே வரும் சரக்கையும் வெளியே போகும் சரக்கையும் நிறுத்திச் சுங்கம் வாங்கின. மிளகும் புகையிலையும் உப்பும் சர்க்காரின் ஏகபோகமாக இருந்தமையால், அவற்றின் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, சர்க்காரின் தலைமை அலுவலகமாகிய ஹஜூர் கச்சேரி தீர்மானித்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரே பெருஞ்சந்தை என்பதும், அங்குள்ள குடியானவனுடைய வாழ்வு இங்குள்ள சர்க்கார் பண்டகசாலையின் கையில் இருந்தது என்பதும், பாக்கு நீரிணையின் இரு கரைத் தமிழரும் நினைவிற்கொள்ளத்தக்க செய்திகள். விளைவித்தவனுக்கு ஒரு விலை, மென்று துப்புகிறவனுக்கு அதனினும் பன்மடங்கு உயர்ந்த ஒரு விலை, இடைநின்ற வித்தியாசம் கஜானாவுக்கு என்பதே அக்காலத்து முறை. வித்தியாசம் பெரிதாக இருந்த இடத்தில் கள்ளக்கடத்தலும் பெரிதாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த அமைப்பைக் கலைத்தவர் 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த சர் டி. மாதவராவ். 1860இல் மிளகு ஏகபோகமும், 1863இல் புகையிலை ஏகபோகமும் நீங்கின. பின்னர் 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கையால், நிலவழிச் சுங்கம் பெரும்பாலும் ஒழிந்தது. கடல்துறைகளில் பிரிட்டிஷ் இந்தியாவின் சுங்க விகிதங்களையே திருவிதாங்கூரும் ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கையில் என் கருத்தை மிகவும் கவர்வது உப்பைப் பற்றிய ஏற்பாடு. சமஸ்தானத்தில் உப்பு மலிவாகவும் எல்லைக்கு அப்பால் அதிகமாகவும் விற்றால் கடத்தல் நிற்காது என்று கண்டவர்கள், இரு பக்கத்து விலையையும் சமப்படுத்தினார்கள். எப்படிச் சமப்படுத்தினார்கள் என்றால், உயர்ந்த விலையைத் தாழ்த்தி அன்று, தாழ்ந்த விலையை உயர்த்தி. எல்லை நீங்குவது சரக்குக்கு விடுதலையாகலாம். வாங்குபவனுக்கு ஆதாயமாகத்தான் இருக்கும் என்ற நிச்சயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னாட்டுச் சரித்திரத்தில் அரிது.

சைக்கிள் இந்த நாட்டுக்கு வந்தபோது நிலைமை இதுவாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ராலேயும் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும், சென்னையில் இறங்கினாலும் மேற்குக்கரைத் துறைகளில் இறங்கினாலும் சுங்கம் ஒரே விகிதந்தான். எனினும் விலையைச் சொல்லும் நாணயம் வேறாக இருந்தது. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் என்ற கணக்கில், பணமும் சக்கரமும் காசுமாகப் பேசிய திருவிதாங்கூர்க்காரனுக்குச் சென்னை விளம்பரத்திலிருந்த தொகை மனத்தில் ஒரு முறை மாற்றப்பட்ட பிறகே பொருள்பட்டது. வெளிநாட்டுக் கடையின் விலையை நம் ரூபாயில் மாற்றிப் பார்த்துத் தயங்கும் இன்றைய இளைஞனுடைய மனக்கணக்கு, அவனுடைய கொள்ளுப்பாட்டனார் செய்த அதே கணக்குத்தான்.

விடுதலைக்குப் பிறகு சைக்கிள் உள்நாட்டுப் பண்டமாயிற்று. 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும், சென்–ராலே ஆசன்சோலிலும், அட்லஸ் சோனிப்பட்டிலும், ஹீரோ லூதியானாவிலும் வேரூன்றின. இவற்றுக்கு வேண்டிய எஃகு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டுமென்று, ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தும் கொள்கையை மத்திய அரசு 1950களில் மேற்கொண்டு 1990களின் தொடக்கம் வரையில் நடத்தியது. சைக்கிளின் எலும்பாகிய எஃகுக்கு எல்லை இல்லை. எஃகிலிருந்து பிறந்த சைக்கிளுக்கோ எல்லை உண்டு என்னும் விசித்திரமான நிலை இவ்வாறு உண்டாயிற்று. ஏனெனில் அதே பத்தாண்டில்தான், 1956 நவம்பர் 1ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை ஒரே இரவில் களியக்காவிளைக்கு வந்து சேர்ந்தது. ஒரே வீட்டாருக்குள் பெண் கொடுத்து எடுத்து, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கலந்து பேசி வந்த மக்களுக்கு நடுவே அந்தக் கோடு விழுந்தது என்பதை ஆராய்ச்சியாளனும் மனவருத்தமின்றி எழுத இயலாது.

அந்தக் கோட்டின் இரு புறமும் விற்பனை வரிச் சட்டங்கள் வெவ்வேறு. 1939இல் ராஜாஜியின் மந்திரிசபை இயற்றிய சட்டமே இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி; சென்னை ராஜ்யம் 1959இல் அதற்குப் புதுச்சட்டம் கண்டது. மேற்கே, திருவிதாங்கூர்–கொச்சியின் 1125ஆம் கொல்லமாண்டுச் சட்டம் நடந்து, 1963இல் கேரளத்தின் சொந்தச் சட்டம் வந்தது. அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி எழுந்தது. சௌக்கை ஒழிந்து நூறாண்டு ஆவதற்குள் அது செக்போஸ்ட் என்ற பெயரோடு திரும்பி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தொழிற்சாலைகள் விலைப்பட்டியலில் தங்கள் விலையைப் போட்டு, உள்ளூர் வரிகள் தனி என்று ஒரு வாக்கியத்தை அடியில் சேர்த்தார்கள். அந்தச் சிறு வாக்கியத்துக்குள் இரண்டு அரசாங்கங்களின் வருமானமும் கடைக்காரருடைய சாமர்த்தியமும் ஒருங்கே அடங்கிக் கிடந்தன. 1977இல் வந்த பொட்டலப் பண்ட விதிகள் விலை அச்சிடப்பட வேண்டுமென்றன. 1990இல்தான், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையையே அச்சிட வேண்டும் என்ற திருத்தம் வந்தது. பெட்டியிலும் உறையிலும் வரும் உதிரிப் பாகங்களுக்கு நாடு முழுவதும் ஒரு மேல்வரம்பு ஏற்பட்டது. அதன் கீழே எவ்வளவு தள்ளிக் கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது.

இந்த எல்லையில் சைக்கிளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கையும் ஒரே தென்மண்டலமாக அமைத்து அரிசியை உள்ளே தாராளமாக நடமாடவிட்ட அரசு, 1964இல் மண்டலத்தைப் பிரித்து ராஜ்யத்துக்கு ஒரு வேலி போட்டது. எல்லைக்குக் கிழக்கே நாஞ்சில் நாட்டு வயலில் விளைந்த நெல், முன்பு ஒரே சமஸ்தானத்தில் இருந்த நெய்யாற்றின்கரைக்குப் போவது அன்றுமுதல் குற்றமாயிற்று. 1977இல் அரிசி மண்டலங்கள் நீங்கும்வரை, தலைச்சுமையாகவும் சைக்கிள் கேரியரில் கட்டிய மூட்டையாகவும் அரிசி தோட்டத்து ஒற்றையடிப் பாதைகள் வழியே மேற்கு நோக்கிச் சென்றது. இதைக் கடத்தல் என்று சட்டம் சொல்லிற்று. பசியுள்ள பக்கத்துக்கு அரிசி போவதை வேறு பெயரால் அழைக்கவே எனக்கு மனம் வருகிறது. எல்லைக் கிராமத்தார்க்கு மட்டும் உரிய ஒரு விசேஷ அறிவு அந்நாளில் வளர்ந்தது. இரு பக்கத்து விலையும் அவர்களுக்குத் தெரியும். அரைமணி நேரம் பெடல் மிதித்தால் மறுபக்கத்து விலைக்குப் போய்ச் சேரலாம். விலை வித்தியாசம் ஒளிக்கப்பட்ட ரகசியமாக இல்லாமல், எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையாக இருந்தது.

வரி வித்தியாசம் பின்னர் மெல்ல மெல்லச் சுருங்கிற்று. கேரளம் 2005 ஏப்ரல் 1இல் மதிப்புக்கூட்டு வரியை ஏற்க, தமிழ்நாடு 2007 ஜனவரி 1இல் ஏற்றது. இடைப்பட்ட 21 மாதங்கள் எல்லையின் இருபுறமும் இருவேறு வரி முறைகள் நடந்தன. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்ததும் சைக்கிளுக்கு நாடெங்கும் 12 சதவீதம் என்றாகி, வணிகவரிச் சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆயினும் சமத்துவம் உடனே முழுமை பெறவில்லை. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் அழிவைச் சீர்செய்யக் கேரளம் விதித்த வெள்ளத் தீர்வை, 5 சதவீதத்துக்கு மேற்பட்ட வரியுள்ள பண்டங்களுக்கு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை ஒரு சதவீதம் கூட்டியது. காஞ்சிரங்குளத்தார் தம் ஊர்ப்பக்கம் வாங்கிய சைக்கிளுக்கு அந்த ஒரு சதவீதம் உண்டு, களியக்காவிளையில் வாங்கியதற்கு இல்லை. காரணம் இன்னதென்று பெயர் சொல்லி, காலக்கெடு வைத்து வாங்கிய அந்த வித்தியாசத்தை நியாயமானதென்றே நான் மதிக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் வரி 5 சதவீதமாகக் குறைந்தபோது, இரு பக்கத்தாருக்கும் ஒரே நாளில் குறைந்தது. பெட்ரோல், மது போன்ற சிலவற்றுக்கே பழைய எல்லை இன்னும் நிற்கிறது.

சர்க்காரின் எல்லை இவ்வாறு தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வணிகரின் எல்லை வளர்ந்தது. வட அயர்லாந்தில் பாலினூர் என்னும் கிராமத்தில் 1980களின் நடுவில் சிறு சைக்கிள் கடையாகத் தொடங்கிய செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ், போர்ட்ஸ்மத் நகரத்து விக்கிளோடு 2016இல் இணைந்து, உலகெங்கும் உதிரிகளை அனுப்பும் பெருவணிகமாயிற்று. 2023இல் நொடித்து, பின்னர் வேறு கைக்கு மாறியது. இத்தகைய கடைகள் வெளிநாட்டாருக்குப் பிரிட்டனின் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியைக் கழித்தன. நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாணயத்தில் வெவ்வேறு பட்டியல் காட்டின. உள்ளூர் விநியோகஸ்தர்களோடு உற்பத்தியாளர் செய்த ஒப்பந்தங்களுக்கு அஞ்சிச் சில பெயர்பெற்ற சரக்குகளைச் சில நாடுகளுக்கு அனுப்ப மறுத்தன. ஆஸ்திரேலியாவில் 1,000 டாலருக்கு உட்பட்ட இறக்குமதிக்கு வரியில்லாதிருந்த சலுகை 2018 ஜூலை 1இல் நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ, 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த விதியால், வாங்குபவன் எந்த நாட்டான் என்பதைக் கொண்டு அவனை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதையும், உள்ளூரானுக்குக் கொடுக்கும் விலையை அவனுக்கு மறுப்பதையும் தடுத்தது. அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி மட்டும் வணிகரை வற்புறுத்தவில்லை. இந்தியாவிலிருந்து வாங்குபவனுக்கு இவற்றோடு நம் சுங்கமும் உண்டு. சைக்கிளுக்கு 30 சதவீதமாக இருந்ததை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 35 ஆக்கியது.

உள்நாட்டு இணையக் கடைகளில் சுங்கம் இல்லை, வரி வித்தியாசமும் இல்லை. இருப்பது அஞ்சல் குறியீடு. 1972 ஆகஸ்ட் 15இல் கடிதங்கள் வழிதவறாமல் போய்ச் சேரும்பொருட்டு ஏற்படுத்தப்பட்ட ஆறு இலக்கங்கள் அவை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6 என்று பொதுவாக வைத்த அந்த ஏற்பாடு, திருவனந்தபுரத்துப் பக்கத்துக்கு 695 என்றும், கன்னியாகுமரிப் பக்கத்துக்கு 629 என்றும் வகுத்தது. தபால்காரருக்கு வழிகாட்டிய அந்த எண், இன்று எந்தக் கிடங்கிலிருந்து, எந்த விற்பனையாளர், எவ்வளவு அனுப்புகூலியோடு, எத்தனை நாளில் சைக்கிளைத் தருவார் என்பதைத் தீர்மானிக்கிறது. கூலியும் தூரமும் உண்மையான செலவுகள். அவற்றைக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் 629இல் இருப்பவர் தம் திரையில் கண்டதை 695இல் இருப்பவர் தம் திரையில் தாமாகக் காண்பதில்லை. அமரவிளையில் லாரி நின்றபோது எல்லை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சைக்கிளை மிதித்து அதைக் கடக்கவும் முடிந்தது. இன்றைய எல்லையைக் கடக்க எந்தப் பாதையும் இல்லை, வேறு ஊரிலுள்ள உறவினருடைய விலாசத்தைக் கடன் வாங்கினாலன்றி.

2020ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு வெளியிட்ட மின்வணிக விதிகள், நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரித்தல் கூடாது என்றும், ஒரே வகுப்பைச் சேர்ந்த நுகர்வோருக்கிடையே பாரபட்சம் காட்டலாகாது என்றும் கூறுகின்றன. ஒரே நாளில், ஒரே சைக்கிளை, ஒரே வரியோடு வாங்க முற்படும் காஞ்சிரங்குளத்தாரும் களியக்காவிளையாரும் ஒரே வகுப்பினரா என்பதை அந்த விதி விளக்கவில்லை. ஒரே வகுப்பினர்தாம் என்பது என் துணிபு. அனுப்புகூலி இவ்வளவு, பண்டத்தின் விலை இவ்வளவு, மற்றோர் ஊரில் இதே கடை இன்று கேட்கும் விலை இவ்வளவு என்று பணம் கட்டுவதற்கு முன்னரே காட்டும்படி அந்த விதியோடு ஒரு வரி சேர்க்கப்படுமானால், இந்த எல்லைக் கிராமங்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்த, இரு பக்கத்து விலையையும் அறியும் உரிமை, அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.