கால் ஓய்ந்தபின் ஒலித்த குரல்: பி.கே. பானர்ஜியும் இந்தியக் கால்பந்துப் பயிற்சியின் வரலாறும்

இந்தியக் கால்பந்து வரலாறு பெரும்பாலும் பதக்கங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1951 தில்லி, 1956 மெல்போர்ன், 1962 ஜகார்த்தா ஆகிய ஆண்டுகளும் ஊர்களும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அந்த வெற்றிகளைப் பெற்றுத்தந்த ஆட்ட அறிவு அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கைமாறியது என்ற வினா அரிதாகவே எழுகிறது. பிரதீப் குமார் பானர்ஜியின் வாழ்க்கை அவ்வினாவுக்கு ஒரு விடையைத் தருகிறது.

பானர்ஜி 1936-இல் வங்கத்தின் ஜல்பாய்குரிப் பகுதியில் பிறந்து ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். 1954-இல் கல்கத்தாவின் ஆரியன் அணிக்கு ஆடவந்து, அடுத்துக் கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, இறுதிவரை அந்த அணியிலேயே ஆடினார். வலது விங்கராக அவர் ஆடிய கிழக்கு ரயில்வே 1958-இல் கல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றையும் சாராத வேறோர் அணி அப்பட்டத்தை மீண்டும் வெல்ல 2019 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்தியாவுக்காக அவர் ஆடிய ஆண்டுகள் சையத் அப்துல் ரஹீமின் பயிற்சிக் காலத்தோடு பின்னிப்பிணைந்தவை. மெல்போர்னில் நான்காமிடம் பெற்ற அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக, பிரான்சுடன் 1-1 என முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தார். 1962 ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2-1 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. மற்றொன்று தலையில் காயத்துடன் முன்வரிசையில் ஆடிய ஜர்னைல் சிங்குடையது. காயத்தோடு ஆடுவது இயல்பாகக் கருதப்பட்ட காலம் அது. அதற்கான விலையைப் பலர் பின்னர் கொடுத்தனர். பானர்ஜியின் சக வீரரான துளசிதாஸ் பலராம் நோயினால் 1963-இல், இருபதுகளிலேயே ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் ரஹீமும் புற்றுநோயால் மறைந்தார். தொடர்ந்து வருத்திய காயங்களால் பானர்ஜி 1967-இல் ஆட்டக்களத்தை விட்டு விலகினார்.

ஓய்வுபெற்ற வீரர் பயிற்றுநராவது இயல்பானது எனத் தோன்றலாம். ஆனால் ஆடத் தெரிவதும் ஆட்டத்தை விளக்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள். கால் அறிந்ததை நா சொல்லியாக வேண்டும். பானர்ஜி அத்திறனை முயன்று பெற்றார். 1969-இல் ஜப்பானில், ஜெர்மானியப் பயிற்றுநர் டெட்மார் கிராமரின் கீழ் நடைபெற்ற ஃபிஃபா பயிற்சி வகுப்பில் மாணவராக அமர்ந்தார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் பயிற்றுநர்களுள் ஒருவராக இருந்தார்.

1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீக்கும் ஐ.எஃப்.ஏ. கேடயமும் அவ்வணியின் வசமாயின. 1975 கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது அக்காலத்தின் உச்சம். அடுத்த ஆண்டே தோற்ற அணி அவரைத் தன் பயிற்றுநராக்கிக்கொண்டது. 1977-இல் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் 2-2 எனச் சமன்செய்தது அந்த மோகன் பகான்தான்.

பிரிவினைக்குப் பிந்தைய கல்கத்தாவில் இவ்விரு அணிகளும் இருவேறு பூர்விகங்களின் அடையாளமாக இருந்தன. இரண்டுக்கும் ஆடாத ரயில்வே வீரராக இருந்தமையே, இரண்டாலும் ஏற்கப்படுவதற்கு அவருக்குத் துணைபுரிந்திருக்கலாம்.

ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் ஆற்றிய உரைகளை வங்காளப் பத்திரிகை உலகம் ‘வோக்கல் டானிக்’ என்றழைத்தது. ஆட்ட உத்தியும் தன்மான உணர்வும் கலந்த பேச்சு அது. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன், மோகன் பகான் பயிற்றுநர் அமல் தத்தா எதிரணி வீரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி செய்தார். பானர்ஜி அக்கேலியையே தம் வீரர்களுக்கு ஊக்கமாக மாற்றினார். சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பார்வையாளர் முன்னிலையில், பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களுடன் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

2020 மார்ச் 20 அன்று பானர்ஜி மறைந்தார். அவர் அடித்த கோல்கள் பதிவேடுகளில் உள்ளன. அவர் பேசிய பேச்சோ பெரும்பாலும் கேட்டவர்களின் நினைவில் மட்டுமே வாழ்கிறது. அவர்களும் முதுமை எய்திவருகின்றனர். வாய்மொழி வரலாற்றாய்வு நாட்டார் பாடகர்களிடமும் கைவினைஞர்களிடமும் சென்றதைப் போல, உடைமாற்றும் அறையில் அமர்ந்திருந்த இம்முதியவர்களிடமும் செல்ல வேண்டிய காலம் இது.