ஆடாதோடையும் இருமல் மாத்திரையும்



சேலம், நாமக்கல் பக்கம் வேலியோரத்திலே ஆடாதோடை தன்னால் வளர்ந்து கிடக்கும். ஆடு தொடாது, அதனால் வேலிக்கு உகந்த செடி. நடவுக்கு முன் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தவர்களும் உண்டு. நெஞ்சுச் சளிக்கு இதன் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்காத பாட்டிமார் உண்டா? அந்தக் கஷாயத்துக்கு விஞ்ஞானத்திலும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

அதன் தொடக்கம் நம்ம ஊட்டியில். மலேரியாவுக்குக் கொயினா எடுக்கிற சின்கோனாப் பட்டையைச் சோதிக்க டேவிட் ஹூப்பர் என்ற ரசாயன நிபுணரைச் சென்னை ராஜதானி அரசு அங்கே வைத்திருந்தது. அவர் 1888-ல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். வாசிசின் என்று பெயர். பிற்பாடு ஜெர்மனியில் அந்தச் சத்தை மாதிரியாக வைத்து பிரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். 1963-ல் விற்பனைக்கு வந்தது. கெட்டிச் சளியை இளக்கும். இருமல் மருந்து பாட்டில்கள் பலவற்றில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

"நம்ம வேலியில் கிடப்பதையே காசு கொடுத்து வாங்குகிறோமே" என்பீர்கள். அது முழுக்கச் சரியல்ல. மாத்திரையில் இருப்பது இலைச்சத்து அல்ல, அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்த வேறு பொருள். அதன் அளவு மாறாது. இலையிலோ, கரும்பில் சர்க்கரைச்சத்து மாறுகிற மாதிரி, மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி கூடும், குறையும்.

சரி, சளியை இளக்குகிற இலை வைரஸையும் ஒழிக்குமா? 1918-ல் விஷக்காய்ச்சலில் நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். மனிதருக்கு வரும் அந்தக் காய்ச்சலின் வைரஸைக் கண்டுபிடித்ததே 1933-ல்தான். ஆகவே பழைய சித்த வைத்தியர்கள் பார்த்தது கபத்தையும் சுரத்தையும்; கிருமியை அல்ல. 2020 ஏப்ரலில் தமிழக அரசு ஆரோக்கியம் திட்டத்தைத் தொடங்கிக் கபசுரக் குடிநீரைக் கொடுத்தது. அதன் 15 சரக்குகளில் ஆடாதோடையும் ஒன்று.

சோதனைக் குழாயில் சில மூலிகைச் சத்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுத்தது உண்மைதான். ஆனால் கண்ணாடித் தட்டில் பூச்சியைக் கொன்ற மருந்தெல்லாம் வயலிலும் கொல்கிறதா? குழாயில் ஊற்றுகிற அளவு வேறு, குடித்தபின் ரத்தத்தில் சேருகிற அளவு வேறு. பிரோம்ஹெக்சினையும் கொரோனா நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சளியை இளக்குவதற்குச் சாட்சி இருக்கிறது. வைரஸைக் கொல்வதற்கு இன்னும் போதவில்லை என்பதே என் கணிப்பு.

கஷாயம் வைக்கிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கொடுக்கவே கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. குழந்தைக்கு மூச்சு வாங்கி, இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.