கடற்கொள்ளையர் என்னும் பெயர்: பாலம்பாங்கும் கோட்டக்கலும்

கடல்வழி வாணிகத்தின் வரலாற்றைப் பயில்வோர் 'கடற்கொள்ளையர்' என்னும் சொல்லை அடிக்கடி காண்கின்றனர். அச்சொல்லைச் சூட்டியவர் யார், எக்காரணம் பற்றிச் சூட்டினார் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் இதன் தேவை விளங்கும்.

முதல் நிகழ்ச்சி 1407ஆம் ஆண்டுக்குரியது. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர் தளபதி ஜெங் ஹே. அவருடைய தந்தையும் பாட்டனாரும் 'ஹாஜி' என்றே அழைக்கப்பட்டனர். மிங் பேரரசர் யொங்லெயின் ஆணைப்படி 1405இல் பெருங்கப்பற்படையுடன் புறப்பட்டுக் கள்ளிக்கோட்டை வரை வந்த அவர், திரும்பும் வழியில் சுமத்திராவின் பாலம்பாங்கை அடைந்தார். அங்கே குவாங்டோங்கிலிருந்து குடியேறிய சீனர் பலர் வாழ்ந்தனர். அவர்களுள் சென் ஸூயி என்பவன் தன் கூட்டத்தாருடன் அவ்வழிச் செல்லும் மரக்கலங்களைக் கொள்ளையிட்டு வந்தான். பணிவதுபோல் நடித்துப் படையைத் தாக்க அவன் திட்டமிட்டான். அச்சூழ்ச்சியை முன்னரே அறிவித்தவர் அவ்வூர்ச் சீனரான ஷி சின்சிங். நடந்த போரில் கொள்ளையர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்றும், பத்துக் கப்பல்கள் எரிக்கப்பட்டு ஏழு கைப்பற்றப்பட்டன என்றும் மிங் அரசவைக் குறிப்பு கூறுகிறது. சென் ஸூயி தலைநகருக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். பாலம்பாங் சீனரை ஆளும் பதவி ஷி சின்சிங்குக்கு வழங்கப்பட்டது. அவருக்குப்பின் அப்பொறுப்பு அவர் மகளுக்குச் சென்றதென, ஜெங் ஹேயுடன் பிற்காலப் பயணங்களில் வந்த முஸ்லிம் எழுத்தாளர் மா ஹுவான் எழுதியுள்ளார்.

இரண்டாம் நிகழ்ச்சி 1600ஆம் ஆண்டுக்குரியது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைமையைத் தலைமுறைகளாக வகித்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். தாம் விற்ற அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களையெல்லாம் பறிமுதல் செய்த போர்த்துக்கீசியர், தம்மை எதிர்த்த இவர்களைக் கொள்ளையர் என்றனர். அதே காலத்து மலபாரின் துயரை அரபு மொழியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலாக எழுதிய இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் அவர்களோ, கப்பல்களைப் பறித்தும் ஹஜ்ஜுப் பயணிகளைத் துன்புறுத்தியும் வந்தவர்கள் போர்த்துக்கீசியரே எனக் காட்டுகிறார். நான்காம் குஞ்ஞாலி தம்மைத் தனியரசராகக் கருதத் தொடங்கியதால் சாமூதிரி அவருடன் பகை கொண்டார். போர்த்துக்கீசியருடன் சேர்ந்து கோட்டக்கல் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி பெற்றுச் சாமூதிரியிடம் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசியர் பற்றி இழுத்துக் கோவாவுக்குக் கொண்டு சென்று தலை வெட்டினர்.

இரண்டிலும் அயலிலிருந்து வந்த கப்பற்படை உள்ளூரார் ஒருவரின் துணையோடு ஒருவரை ஒழித்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தெரியினும் உட்பொருள் வேறு. சென் ஸூயிக்கு எந்த அரசின் ஆணையும் இல்லை. குஞ்ஞாலிகளோ ஓர் அரசரின் ஆணையால் கடல் காத்தவர்கள். பாலம்பாங்கில் துணைநின்றவரிடமே ஊரின் பொறுப்பு விடப்பட்டது. கோட்டக்கலில் துணைநின்ற அரசர் தந்த வாக்கே மதிக்கப்படவில்லை.

இதனால் ஜெங் ஹேயின் படை அமைதியை மட்டுமே நாடியது என்று கூறிவிடவும் இயலாது. 1411 அளவில் இலங்கையின் அழகக்கோனாரோடு போரிட்டு அவரைச் சீனத்துக்குச் சிறை கொண்டு சென்றதும் அதே படைதான். சென் ஸூயியைப் பற்றி நமக்குக் கிடைப்பதும் வென்றோர் எழுதிய குறிப்பே. ஆயினும் அப்படை 1409இல் பொறித்து, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் முறையே புத்தரையும் தேனவரை நாயனாரையும் அல்லாஹ்வையும் போற்றுகிறது. கடற்கரை மக்களை அவரவர் மொழியிலும் சமயத்திலும் மதித்துப் பேச வேண்டும் என்னும் அறிவு அதில் தெரிகிறது.

காயலின் பெயரும் ஜெங் ஹேயின் பயண ஏடுகளில் உண்டு. மரைக்காயர் என்னும் பெயர் நம் கடற்கரையெங்கும் வழங்குவது. கொள்ளையர் என்று போர்த்துக்கீசியர் பழித்த குஞ்ஞாலியின் பெயரை இந்தியக் கடற்படை மும்பையிலுள்ள தன் தளத்துக்குச் சூட்டியிருக்கிறது. எனவே பழைய ஏடுகளில் 'கொள்ளையர்' எனக் காணும்போது, கப்பலை இழந்தவர் யார், ஆணை பெற்றவர் யார், போருக்குப்பின் துறைமுகம் யார் கையில் இருந்தது என மூன்றையும் வினவி அறிந்த பின்னரே தீர்ப்பளித்தல் நம் கடமையாகும்.