வத்திராயிருப்பிலிருந்து ஒரு கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "பழைய நினைவு ஏதாவது எழுதுங்கண்ணே" என்றார். எனக்கு நினைவு வருவது இயற்பியல் இருட்டறைதான். வேதியியல் மாணவர்களான நாங்கள் துணைப்பாடத்துக்காக அங்கே போவோம். சோடியம் விளக்கு நன்றாக எரியத் தொடங்கும்வரை ஆசிரியர் சும்மா இருக்க விடமாட்டார். ஒருநாள் கேட்டார்: "ராமன் விளைவுங்கிறீங்களே, அந்த வெளிச்சத்தை நாள்கணக்கா உத்து உத்துப் பார்த்தது யாருலே?" யாருக்கும் தெரியவில்லை. "நம்ம பக்கத்து ஆளு. அதுவும் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டரா இருந்தவரு!"

அவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்களாம். 1920-இல் கல்கத்தா போனார். 1923-இல் ராமனிடம் சேர்ந்தார்.

ராமனுக்கு அப்போது கடல்நீலத்தின் மீதுதான் கண். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது பிடித்த எண்ணம் அது. (நாம் தினமும் துறைமுகத்தில் அதே நீலத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்!) நீர்மங்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது கூடவே மங்கலாக வேறொரு நிறமும் வருவது 1923-லேயே தெரிந்திருந்தது. கலப்படத்தால் வரும் ஒளிர்வு என்று அப்போது நினைத்தார்கள்.

1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் இதில் முழுமூச்சாக இறங்கினார். விளக்கு வெயில்தான். சூரிய ஒளியை லென்சால் குவித்து, ஊதா-நீல ஃபில்டர் வழியாக நீர்மத்துக்குள் விடுவது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள்-பச்சை ஃபில்டர் வைப்பது. முதலாவது விடும் நிறத்தை இரண்டாவது விடாது. ஆக, ஒன்றுமே தெரியக்கூடாது. தெரிந்தது! விழும் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தேறுமோ என்னவோ, அந்த மங்கல் ஒளி. நீர்மத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. மேலும், சாதாரண ஒளிர்வு போலன்றி வலுவாக முனைவாக்கம் அடைந்திருந்தது. அழுக்கின் வேலை இல்லை, மூலக்கூறின் வேலைதான் என்று தெளிவாயிற்று. பிப்ரவரி 7 இரவு ஒன்பது மணிவாக்கில் ராமன் பரபரப்போடு வீட்டுக்கே வந்து தம்மைக் கூப்பிட்டதைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அறுபது நீர்மங்கள்வரை பார்த்தார்கள். பிப்ரவரி 16 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்குப் போன கடிதத்தில் இருவர் பெயரும் உண்டு. 28-ஆம் தேதி நிறமாலைமானியில் புதிய ஒளி தனியாக, நடுவில் இருண்ட இடைவெளியோடு தெரிந்தது. 1930 நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே.

இது நியாயமா என்று இன்றும் பேசுகிறார்கள். கேள்வியும் ஏழு வருஷ விடாப்பிடியும் ராமனுடையவை. பரிசில் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் பாடப்புத்தகம் அந்த இரண்டாவது பெயரை விழுங்கிவிட்டதே, அதுதான் உறுத்துகிறது.

இந்த விளைவால் லாபம் அடைந்தவர்கள் நம்ம வேதியியல்காரர்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன் அதிர்வை அந்த ஒளியில் பதிக்கிறது. பென்சீன் வளையம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குவதற்கு சென்டிமீட்டருக்கு 992 அலைகள் என்ற கணக்கு. நம் ஊர் உப்போ அழுத்தக்காரன்! படிகத்தில் ஒவ்வொரு அயனியும் சமச்சீர் மையத்தில் இருப்பதால் முதல்நிலை ராமன் கோடே கிடையாது. இரண்டாம்நிலையில் மிக மங்கலாகத்தான் வரும். அதைத்தான் 1931-இல் ரோமில் ஃபெர்மியும் ரசெட்டியும் பாதரச ஒளியால் படமெடுத்தார்கள்.

கிருஷ்ணன் 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் போய்விட்டார். அங்கே படிகங்களைக் காந்தப் புலத்தில் மெல்லிய இழையில் தொங்கவிட்டு, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்று கணக்கிட்டார். 1933-இல் கல்கத்தா திரும்பி, ஆந்த்ரசீன் போன்ற படிகங்கள் ஒளியை உறிஞ்சி ஒளிர்வதை ஆராய்ந்தார். இவர் இயற்பியல்காரரா, வேதியியல்காரரா என்று கேட்டால் எந்த டிபார்ட்மென்ட்டிலும் அடங்கமாட்டார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-இல் அலகாபாத், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1961-இல் காலமானார், நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே வருஷம்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. உப்பளத்தைக் கேளுங்கள், சொல்லும். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓட்டை வழியாக வெயிலை விட்டு, தூய டொலுவீனில் அந்த இரண்டு ஃபில்டர் சோதனையைச் செய்து பாருங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் "ஒண்ணும் தெரியல சார்" என்று வெளியே ஓடிவந்துவிடாதீர்கள்.