ஹிபிகியும் அம்ருத்தும்: பேரை நம்பலாமா?

நம்ம ஓசூர் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு மக்களே. ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி இங்கதான் இருக்கு. 1937 அக்டோபர் 1-ல் சென்னை மாகாணத்துலயே முதன்முதலா அவர் மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்துல. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப அந்த மாவட்டம்தான். இந்த மண்ணுல இருந்துக்கிட்டு ஜப்பான் விஸ்கியான்னு கேக்கப்படாது. இங்க மேட்டர் சரக்கு இல்ல, அதோட பேரு :)

மசடகா டகேட்சுரு 1918-ல் ஸ்காட்லாந்து போய்த் தொழில் கத்துக்கிட்டு 1920-ல் ஊர் திரும்பினார். 1923-ல் யமசாகியில் ஆலை கட்ட ஆரம்பிச்சாங்க. 1934-ல் அவர் பிரிஞ்சுபோய் ஆரம்பிச்சதுதான் இன்னைய நிக்கா. ஸ்காட்லாந்துல ஆலைகள் தங்களுக்குள்ள சரக்கை மாத்திக்கிட்டுக் கலப்பாங்க. சன்டோரிக்கும் நிக்காவுக்கும் நடுவுல அந்தக் கொடுக்கல் வாங்கலே இல்ல. அதனால ஒவ்வொரு கம்பெனியும் தானே விதவிதமா வடிச்சு, விதவிதமான பீப்பாய்ல ஊறப்போட வேண்டியதாச்சு. 1989-ல் வந்த ஹிபிகி அப்படிப்பட்டதுதான். யமசாகி, ஹகுஷு மால்ட்டும் சீட்டா ஆலையோட கிரெய்ன் விஸ்கியும் சேர்ந்த கலவை.

இதை எடை போடுறது கச்சேரி கேக்குற மாதிரி. முதல்ல மூக்கு, அப்புறம் நாக்கு, கடைசியா தொண்டையில எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது. ரெண்டு சொட்டு தண்ணி விட்டா வாசனை விரியும். மிருதங்கம் மட்டும் தனியா கேட்டா பிளெண்ட் தோத்துப்போச்சு.

ஆனா நாக்கு மட்டும் போதாது, லேபிளையும் படிக்கணும். வெளிநாட்டுச் சரக்கை வாங்கி பாட்டில்ல அடைச்சு 'ஜப்பான் விஸ்கி'ன்னு விக்க அங்க ரொம்ப வருஷம் தடையே இல்ல. 2021-ல்தான் தயாரிப்பாளர் சங்கம் விதி போட்டுச்சு: ஜப்பான்லயே வடிக்கணும், மூணு வருஷமாவது மரப்பீப்பாய்ல அங்கேயே ஊறணும். 2024 ஏப்ரல்ல இருந்து சங்கத்துக்காரங்க எல்லாரும் அதைக் கடைப்பிடிச்சாகணும்.

நம்ம கதைக்கு வருவோம். இந்தப் பக்கம் டாஸ்மாக், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. ரெண்டு இடத்துலயும் விலை கம்மியான 'விஸ்கி'யில பெரும்பாலும் இருக்கறது மொலாசஸ்லயோ தானியத்துலயோ வடிச்ச நியூட்ரல் ஸ்பிரிட்டும் கொஞ்சம் மால்ட்டும்தான். மொலாசஸ் சரக்கை ஐரோப்பாவுல விஸ்கின்னு விக்கவே முடியாது.

நமக்குத் தெரியாத வித்தையா இது? பெங்களூரு அம்ருத் 2004-ல் பார்லி சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவுலயே போய் அறிமுகப்படுத்துச்சு. ஜிம் முர்ரேயோட 2010 விஸ்கி பைபிள்ல அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மார்க், உலகத்துல மூணாவது இடம். நம்ம சூட்டுல பீப்பாய்ச் சரக்கு ஸ்காட்லாந்தை விட பலமடங்கு வேகமா ஆவியாயிடும். அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கிட்டு வாங்கின பேரு இது.

ஜப்பானாவது லேட்டா முழிச்சுக்கிட்டாங்க. காசு கொடுக்கறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும். அந்த விதி நம்ம பாட்டிலுக்கு எப்ப வரும்?

டிஸ்கி: மதுவிலக்கால போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-ல் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. மதுவிலக்கு போயிருச்சு, வரி நின்னுருச்சு! குடி குடியைக் கெடுக்கும்.