கோயம்புத்தூர் – திப்ருகார் வான்வழித் தொலைவு

கோயம்புத்தூர் வானூர்தி நிலையத்திற்கும் அசாம் மாநிலத்தின் திப்ருகார் (மோகன்பாரி) வானூர்தி நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,620 கிலோமீட்டர் ஆகும். இது புவியைக் கோளமாகக் கொண்டு கணிக்கப்படும் பெருவட்டத் தொலைவாகும். இப்பாதையின் நடுப்புள்ளி ஒடிசாவின் சிலிகா ஏரியை அடுத்த கடற்பகுதியில் அமைகிறது.

பயண நேரம்

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 3 மணி 15 நிமிடம் ஆகும். மேலேறவும் தரையிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். எனினும் இது ஏட்டுக் கணக்கே. பயணிகள் இடையில் வேறு நிலையத்தில் வானூர்தி மாறியே செல்கின்றனர். கொல்கத்தா நேர்கோட்டுப் பாதைக்கு மிக அருகில் இருப்பதால், அதன் வழியே சென்றால் (1,771 + 852 கி.மீ.) கூடுதல் தொலைவு சில கிலோமீட்டர்களே. தில்லி வழியே சென்றாலோ (1,949 + 1,762 கி.மீ.) ஏறத்தாழ 1,090 கி.மீ. கூடுகிறது. ஆயினும் இணைப்பு வானூர்திக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து, தொலைவு மிகுந்த வழியே விரைவானதாக அமைவதும் உண்டு.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீது மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டத்தால், தில்லியிலிருந்து திப்ருகார் செல்வதைவிடத் திரும்பிவர அதிக நேரமாகும்.

கடிகார நேரம்

இரு நகரங்களிலும் இந்திய சீர்நேரமே வழங்குகிறது. ஆனால் நெட்டாங்கு வேறுபாடு 18 பாகை; ஒரு பாகைக்கு 4 நிமிடமாக, திப்ருகாரில் சூரியன் 72 நிமிடம் முன்னதாக உச்சியை அடைகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்திய 'தோட்ட நேரத்தை'ப் பின்பற்றுவது இதனாலேயே.